விசேஷ வீடுகளுக்குப் பெண் புகைப்படக் கலைஞர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பிற விடுமுறை நாள்களிலும் சடங்கு (பூப்புனித நீராட்டு), வளைகாப்பு, காதுகுத்து, பால்காய்ப்பு, திருமண வரவேற்பு போன்ற விசேஷங்களுக்குப் புகைப்படம் எடுத்துக் கொடுப்பதைப் பகுதிநேரத் தொழிலாகச் செய்துவருகிறேன். இதைப் பற்றி என்னிடம் விவரம் கேட்டு வரும் பெண்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை உங்கள் நாளிதழ் வழியாகப் பொதுவில் சொல்வது நல்லது என்று கருதியும், திருநெல்வேலி, தென்காசி மாவட்ட நிர்வாகங்களின் முன் சில கோரிக்கைகளை வைக்க விரும்பியும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், யூடியூப் காணொளிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு விசேஷத்துக்கு எவ்வளவு கேட்பது, வாங்கும் முன்பணத்துக்கு என்ன எழுதிக் கொடுப்பது, எடுத்த படங்களை எத்தனை இடத்தில் வைத்துக் காப்பது, எந்தப் படத்தை வெளியே காட்டக் கூடாது என்பவற்றை யாரும் கேட்பதில்லை. சொல்லித்தர ஆளும் இல்லை. பகுதிநேரத் தொழில் ஊன்றி நிற்பதும் இரண்டே ஆண்டில் கேமராவை விற்றுவிட்டு ஒதுங்குவதும் இவற்றால்தான் என்பது என் உறுதியான கருத்து.

பெண் கலைஞர்களுக்கான தேவை நம் பகுதியில் வெளிப்படையாகவே இருக்கிறது. சடங்கு வீட்டில் பெண்ணை மனையில் உட்கார வைத்து மாமன் சீர் வந்து இறங்கும் காட்சியை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அதற்கு முன்னால், பூச்சடை தைத்துக்கொண்டே மதினிமார் செய்யும் கேலியும், ஆச்சி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பேத்திக்குப் போட்டுப் பார்ப்பதும் உள்ளறையில் நடக்கின்றன. வெளி ஆண் ஒருவர் கேமராவோடு வாசலில் நின்றால் அந்த அறை அப்படியே அடங்கிப்போகும். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் இஸ்லாமியத் திருமணங்களில் பெண்கள் கூடும் பகுதி தனியாக இருக்கிறது. அங்கே ஆண் கலைஞர் வருவதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. ஆகவே மாப்பிள்ளையின் நண்பர்கள் நிறைந்த ஆல்பத்தில் மணப்பெண்ணோடு படித்த தோழி ஒருத்திகூட இல்லாமல் போவதுண்டு. பாளையங்கோட்டையில் தேவாலயத்துக்குப் புறப்படும் முன் வீட்டில் மணப்பெண் தயாராகும் நேரத்துக்கும் பெண் கலைஞரையே கேட்கிறார்கள். முழுநேர ஸ்டுடியோக்காரர்களே தங்களுடன் வர ஒரு பெண் கிடைப்பாரா என்று விசாரிக்கும் நிலை இது.

ஆனால் உள்ளறையில் எடுப்பது எளிதன்று. ஒரு ஜன்னலும் மேலே ஒரு எல்இடி விளக்கும்தான் அங்கே வெளிச்சம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது என்பதால் மலிவான எல்இடி விளக்குகளும் பழைய குழல் விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, ஷட்டர் வேகத்தை 1/250 விநாடி என்று வைத்து எடுக்கும்போது படத்தின் குறுக்கே பட்டைகளாக விழும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றது மங்கலாகவும் வரும். 1/100 அல்லது 1/50 என்று இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாசல் பந்தலில் தொல்லை வேறு வகையானது. சிவப்பும் மஞ்சளுமான சாமியானாத் துணியின் வழியே இறங்கும் பகல் வெளிச்சம் கீழே நிற்பவர் எல்லோருடைய முகத்திலும் அந்த நிறத்தையே பூசிவிடும். அந்த வெளிச்சத்திலேயே ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து, அதைக் கொண்டு கேமராவின் நிறச் சமநிலையை அமைத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். செய்யாவிட்டால் இரவெல்லாம் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகத் திருத்த வேண்டும். இவையெல்லாம் பணம் கொடுத்த வீட்டில் வைத்துப் பழகிப் பார்க்கும் காரியங்கள் அல்ல. அனுபவமுள்ள கலைஞர் ஒருவருடன் ஓராண்டாவது உதவியாளராகப் போய்வந்த பிறகே தனியாக விசேஷம் பிடிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். அந்த ஓராண்டுக்குச் சொந்தக் கேமராகூடத் தேவையில்லை.

இந்தத் தொழில் பகுதிநேரமாகச் செய்வதற்கு ஏற்றது என்பதற்கு நம் பஞ்சாங்கமே காரணம். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் இல்லை. புரட்டாசியிலும் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். தவக்காலத்தில் தேவாலயத் திருமணங்கள் குறைந்துவிடும்; ரமலான் மாதத்தில் நிக்காஹ் வைப்பது அரிது. முழுநேர ஸ்டுடியோ வைத்திருப்பவர் அந்த மாதங்களிலும் கடை வாடகையும் பையன்களின் சம்பளமும் கொடுத்தாக வேண்டும். மாதச் சம்பளம் வரும் எங்களைப் போன்றவர்கள் அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ள முடியும். மூன்று சமயத்தாரின் விசேஷங்களுக்கும் போகிறவருக்கு இந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று ஈடாகவும் அமைகின்றன. மார்கழி பாதிக்கு மேல் கிறிஸ்துமஸ் முடிந்ததும் தேவாலயத் திருமணங்கள் வரிசையாக வரும்.

முகூர்த்தம் மட்டும் நம் விடுமுறையைப் பார்த்து வருவதில்லை. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நல்ல முகூர்த்தங்கள் விழுகின்றன. அலுவலகத்தில் பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுத்துத் தாலிகட்டுக்குப் போவதும், முகூர்த்தம் முடிந்த கையோடு ஓடிவந்து அரைநாள் வருகைப் பதிவு போடுவதும் இரண்டு இடத்திலும் பெயரைக் கெடுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கப்படும் சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து ஆகியவற்றையும், மாலை வரவேற்புகளையும் மட்டும் ஏற்றுக்கொண்டு, வேலை நாளில் வரும் முகூர்த்தங்களை முழுநேரக் கலைஞர்களுக்கு அனுப்பிவிடுவது நான் கடைப்பிடிக்கும் முறை. வேலை நியமன ஆணையில் வேறு தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு ஊழியராக இருந்தால் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பொருந்தும். அனுமதியின்றித் தொழில் செய்ய முடியாது.

அடுத்து விலை. பகுதிநேரக்காரர்கள் பாதி விலைக்கு எடுத்துக் கொடுத்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று ஸ்டுடியோக்காரர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. குறைந்த விலை கேட்கும் பெண்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை; கணக்குப் போடத் தெரியாமல் செய்கிறார்கள். கேமரா, இரண்டு லென்ஸ், பிளாஷ், மெமரி கார்டுகள் எல்லாம் சேர்த்து 2 லட்சம் ரூபாய் முதலீடு என்று வைத்துக்கொள்வோம். இவை நான்கு ஆண்டுகள் உழைக்கும், ஆண்டுக்கு 30 விசேஷம் எடுப்போம் என்றால் மொத்தம் 120 விசேஷங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கருவித் தேய்மானம் மட்டும் ஏறக்குறைய 1,667 ரூபாய் விழுகிறது. உதவிக்கு வரும் பெண்ணுக்கு 1,000 ரூபாய், ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் 400 ரூபாய், படம் அச்சிடும் லேபில் சிறிய ஆல்பம் போட 2,500 ரூபாய் என்று சேர்த்தால் 5,567 ரூபாய் ஆகிறது. இந்த விசேஷத்தை 5,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவர் ஒரு முழு ஞாயிறையும், படங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் மூன்று நான்கு மாலைகளையும் கொடுத்தது போக, 567 ரூபாயைத் தன் சம்பளத்திலிருந்து எடுத்து அந்த வீட்டுக்குக் கொடுக்கிறார். தவணையில் கேமரா வாங்கியிருந்தால் வட்டி தனி. ஊருக்கு ஊர் தொகைகள் மாறலாம். கூட்டிப் பார்க்கும் முறை மாறாது. தன் உழைப்புக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை இதற்கு மேல் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது நம் விலையும் ஸ்டுடியோ விலையும் தானாகவே அருகருகே வந்துவிடும்.

சொந்தக்காரர்களிடம் இது கடினம். "நம்ம பிள்ளைதானே, சும்மா வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்று அத்தையோ சித்தியோ சொன்னால் மறுக்க முடியாத வளர்ப்பு நம்முடையது. அந்த வீட்டு விசேஷத்துக்கு மொய்யாகவே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் அதைத் தெளிவாக மொய் என்று சொல்லிச் செய்ய வேண்டும். பாதி விலை வாங்கினால் அந்தப் பாதி விலையே அடுத்த வீட்டுக்கு முழு விலையாகச் சொல்லப்படும்.

பேசிய தொகையை எழுதிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் குறைவு. என்றைக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை படம், ஆல்பத்தில் எத்தனை ஷீட், எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பது, முன்பணம் எவ்வளவு, மீதியை எப்போது கொடுப்பது, விசேஷம் தள்ளிப்போனால் என்ன செய்வது, எனக்கு உடல்நலம் கெட்டால் எனக்குப் பதில் யார் வருவார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தார் எல்லாப் படங்களையும் பென் டிரைவில் வாங்கிக்கொண்ட பிறகு, ஆல்பம் இனி வேண்டாம் என்று சொல்லி மீதித் தொகையை நிறுத்திக்கொண்டார்கள். எழுதிக் கையெழுத்திட்ட தாள் கையில் இருந்ததால், கோபப்படாமல் அதைக் காட்டிப் பேசி முடித்துக்கொள்ள என்னால் முடிந்தது.

அந்தத் தாளில் பதிப்புரிமை பற்றியும் ஒரு வரி அவசியம் இருக்க வேண்டும். எடுத்தவருக்கே படம் சொந்தம் என்று பல கலைஞர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்றுக்கொண்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஆகவே மணமக்களின் படத்தை நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாகப் போட வேண்டுமானால், எந்தெந்தப் படம் என்று காட்டி எழுத்தில் அனுமதி பெற்றிருக்க வேண்டும். புகழுக்காகப் போடுகிறோம், அவர்களுக்கும் பெருமைதானே என்பது சட்டத்தின் முன் நிற்காது.

சடங்கு வீட்டுப் படங்களில் எனக்கு இதைவிடக் கண்டிப்பான விதி உண்டு. சடங்கு நடக்கும் பெண் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தை. நாலு தெரு சந்திப்பில் வைக்கும் பிளெக்ஸ் பலகையிலும், கலைஞரின் விளம்பரப் பக்கத்திலும் அவளுடைய முகம் வருவதை அவள் விரும்புகிறாளா என்று யாரும் கேட்பதில்லை. மறுவாரம் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவள். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களைப் பற்றிய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பெற்றோர் ஒப்புக்கொண்டாலும் சடங்கு வீட்டுப் படம் எதையும் நான் வெளியிடுவதில்லை. என் வேலையைப் பார்க்க விரும்பும் அம்மாக்களுக்கு, முகம் தெரியாத பூச்சடைப் படங்களையும் சீர்வரிசைத் தட்டுகளின் படங்களையும் காட்டுகிறேன். அதனால் எனக்கு வாய்ப்பு குறைந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் பெண் கலைஞர்கள் எல்லோரும் ஒரே முடிவில் நின்றால் ஊர்ப் பழக்கமே மாறும் என்று மனமார நம்புகிறேன்.

படங்களைக் காப்பது பற்றி நெல்லைக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தது. ஆற்றங்கரை ஊர்களில் கல்யாண ஆல்பங்களை மொட்டைமாடியில் விரித்துக் காயவைத்த வீடுகளைப் பார்த்தேன். ஒட்டிக்கொண்ட ஷீட்டுகளைப் பிரித்தால் முகங்கள் எதிர்ப்பக்கத்தில் உரிந்து வந்தன. அந்த வீட்டுப் படங்களின் இன்னொரு பிரதி கலைஞரிடமாவது இருக்க வேண்டாமா? இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமராவையே விசேஷத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீடு திரும்பிய இரவே இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றிவிட்டு, அவற்றில் ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில், கூடுமானால் மாடியில், வைக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா கோப்பாக (பிறகு திருத்துவதற்கு ஏற்ற மூலப் பதிவாக) எடுக்கப்படும் ஒரு படம் ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி இடம் பிடிக்கும். 1,500 படம் எடுத்தால் 40 ஜிபி அளவில் ஆகும். ஹார்டு டிஸ்க் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். எத்தனை ஆண்டுகள் வைத்திருப்போம் என்பதையும் ஒப்பந்தத் தாளில் எழுதிவிடலாம்.

டிரோன் வைத்து எடுக்கச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலுக்காக இயக்க, 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி அதை இயக்குபவருக்கான சான்றிதழ் வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையமும், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளமும், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகமும் உள்ள மாவட்டம் இது. பறக்கவிடலாமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எந்த ஊரிலும் ஏற்றக் கூடாது. வரி விஷயத்தில் அஞ்ச வேண்டியது அதிகமில்லை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை இந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சம்பளத்தோடு இந்த வருமானத்தையும் சேர்த்து வருமான வரிக் கணக்கில் காட்டினால் போதும்.

இந்தத் தொழிலில் பெண்கள் பின்வாங்குவதற்கு மிகப் பெரிய காரணமாக நான் காண்பது பணமும் அன்று, பயிற்சியும் அன்று, இரவு நேரம்தான். வரவேற்பு முடிந்து கடைசிக் குடும்பம் மேடையை விட்டு இறங்கப் பதினொரு மணி ஆகும். மறுநாள் நான்கரை மணிக்கு முகூர்த்தம் என்றால் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. பாளையங்கோட்டையை அடுத்த மண்டபம் ஒன்றில் நானும் என் உதவியாளரும், அலங்காரத்துக்கு வந்த இரண்டு பெண்களும், பாத்திரங்கள் அடுக்கிய அறையில் தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தே இரவைக் கழித்தோம். மணமக்களுக்குக் குளிர்சாதன அறைகள் பல இருந்த மண்டபம் அது. மண்டப உரிமையாளர்களின் மனத்தில் வேலைக்கு வருகிறவர் என்றால் ஆண் என்பதே இன்னமும் பதிந்திருக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் கட்டணமின்றி நடத்தும் பயிற்சிகளின் பட்டியலில் புகைப்படமும் வீடியோவும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பயிற்சியைப் பெண்களுக்கென்று தனி அணியாக, வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய வகையில் சனி, ஞாயிறுகளில் நடத்த வேண்டும். கேமராவின் பொத்தான்களோடு நின்றுவிடாமல், விலைக் கணக்கு, ஒப்பந்தத் தாள், பதிப்புரிமை, குழந்தைகளின் படங்களைக் கையாளும் முறை ஆகியவற்றுக்கும் வகுப்புகள் வைக்க வேண்டும். அவற்றை நடத்த நம் ஊர் ஸ்டுடியோக்களின் மூத்த கலைஞர்களையே மதிப்பூதியம் கொடுத்து அழைக்க வேண்டும். அப்போது முழுநேரக்காரருக்கும் பகுதிநேரக்காரருக்கும் இடையிலுள்ள மனத்தாங்கலும் குறையும். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெற முடியும். உதவியாளராக ஓராண்டு பழகியவர் பயன்படுத்திய லென்ஸும் பிளாஷும் வாங்கத் தொடங்க அது போதும். அதற்கான விண்ணப்பத்தையும், சிறுதொழில்களுக்கான, கட்டணம் ஏதுமில்லாத உத்யம் பதிவையும் பயிற்சியின் முடிவிலேயே மாவட்டத் தொழில் மையத்தார் வந்து செய்து கொடுத்தால், இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்க வேண்டிய நிலை இராது.

திருமண மண்டபங்களுக்கு உரிமம் வழங்கும், புதுப்பிக்கும் அலுவலர்கள், உள்தாழ்ப்பாளும் கழிப்பறையும் உள்ள ஓர் அறை பணிக்கு வரும் பெண்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகைப்படம் எடுப்பவர், மணப்பெண் அலங்காரம் செய்பவர், பூ கட்டுபவர், பந்தி பரிமாறும் பெண்கள் ஆகிய அனைவருக்கும் அந்த அறை பயன்படும். பெரிய மண்டபங்களில் இதற்குப் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. இருக்கும் அறைகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் போட்டாலே போதும். ஆடி மாதத்தில் மண்டபங்கள் சும்மா கிடக்கும் நாள்களில் இந்தச் சிறு மாற்றத்தைச் செய்துவிட்டு ஆவணி முகூர்த்தங்களுக்குத் திறக்குமாறு இரு மாவட்ட ஆட்சியர்களும் உத்தரவிட வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்.